ட்ரூன்னா என்னங்க அர்த்தம்?

போன வாரம் பையன் ஹோம்வொர்க் நோட்டோட வந்து நின்னான். அஞ்சாங்கிளாஸ். "எது ட்ரூ, எது ஃபால்ஸ்"னு பத்து வாக்கியம். ஒன்பதுக்கு அவனே டிக் போட்டுட்டான். பத்தாவதுல வண்டி நின்னுடுச்சு.

'சூரியன் கிழக்கே உதிக்கிறது.'

"அப்பா, சூரியன் அங்கயேதான் இருக்கு, பூமிதான் சுத்துதுன்னு மிஸ் சொன்னாங்க. அப்ப இது ட்ரூவா ஃபால்ஸா?"

"ட்ரூன்னு போடுடா."

"எப்படி ட்ரூ?"

அத்தோட விட்டிருக்கலாம். நம்ம வாய்தான் சும்மா இருக்காதே. "அதுவும் சரியான கிழக்குல உதிக்கறது வருஷத்துல ரெண்டே நாள்தான், மார்ச்ல ஒண்ணு செப்டம்பர்ல ஒண்ணு"ன்னு எடுத்து விட்டேன். சொந்தச் செலவுல சூனியம் :-) பையன் பென்சிலைக் கீழ வச்சுட்டு, "அப்ப ட்ரூன்னா என்னப்பா அர்த்தம்?"னு கேட்டான்.

தங்கமணி சமையல்கட்டுல இருந்து, "உண்மைன்னு சொல்லிட்டு சாப்பிட வாங்க ரெண்டு பேரும்"னு குரல் குடுத்தாங்க. சாப்பிடப் போயிட்டோம். ஆனா கேள்வி ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. ஏன்னா அந்த வார்த்தையை நான் கத்துக்கிட்டது ஸ்கூல்ல இல்லை. எங்கப்பாகிட்ட. அவர் சொன்ன ட்ரூவுக்கு அர்த்தம் உண்மையும் இல்லை.

கொசுவத்தி சுத்தப் போறேன். கொஞ்சம் நீளம். டீ ஏதாவது கையில வச்சுக்கங்க.

எங்கப்பா டர்னர். கோயமுத்தூர்ல ஒரு அரசாங்கப் பட்டறையில லேத் ஓட்டினவர். லீவு நாள்ல சிநேகிதர் ஒருத்தரோட லேத் கடைக்குப் போவார், சில நேரம் என்னையும் கூட்டிட்டுப் போவார். அங்க ஒரு நாளைக்கு நூறு தடவை காதுல விழற வார்த்தை ட்ரூ. "ஜாப் ட்ரூவா ஓடுதா பாரு", "ட்ரூ வரலை, மறுக்காப் புடி", "ட்ரூ பாக்காம டூலை வச்சுப்புடாதே".

லேத் பார்க்காதவங்களுக்கு: சுத்தற மெஷின்ல ஒரு சக் இருக்கும். இரும்புத் துண்டை, அதாவது ஜாப்பை, அது கெட்டியாப் பிடிச்சுக்கும். நாலு தாடை இருக்கற சக்குல ஒவ்வொரு தாடையும் தனித்தனியா நகரும். ஜாப்பை மாட்டின உடனே அது நடுவுல உட்காராது. சுத்தினா ஒரு பக்கம் ஏறி இறங்கும். இதுக்கு 'அவுட் அடிக்குது'ன்னு பேரு. அப்பா ஒரு சாக்பீஸை எடுத்து, சுத்தற ஜாப்புக்குப் பக்கத்துல மெதுவாக் கொண்டுபோவார். எந்தப் பக்கம் துருத்திட்டு இருக்கோ அந்த இடத்துல மட்டும் வெள்ளைக் கோடு விழும். மெஷினை நிறுத்தி, கோடு விழுந்த இடத்துக்கு எதிர்த்தாப்புல இருக்கற தாடையைக் கொஞ்சம் தளர்த்தி, கோடு பக்கத்துத் தாடையை இறுக்குவார். மறுபடி சுத்தல், மறுபடி சாக்பீஸ். கோடு சுத்திலும் ஒரே மாதிரி விழற வரைக்கும் இதே வேலை.

அதுக்கப்புறம் டயல் கேஜ் வரும். அதுல ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். ஒரு சுத்துல முள் இருபது கோடு ஆடினா 0.20 மில்லிமீட்டர். ஆனா ஜாப்பை நகர்த்த வேண்டியது அதுல பாதி, 0.10தான். ஏன்னா ஒரு பக்கம் எவ்வளவு ஏறுதோ, அதே அளவு எதிர்ப்பக்கம் இறங்கி, முள் ரெண்டையும் சேர்த்துக் காட்டும். எட்டாங்கிளாஸ் படிக்கறப்போ இது புரிஞ்ச அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியலை.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. ஜாப் தனியா ட்ரூ கிடையாது. இந்த மெஷினோட அச்சுக்கு அது ட்ரூ. கழட்டி மறுபடி மாட்டினா ட்ரூ போச்சு. பக்கத்து மெஷின்ல மாட்டினாலும் போச்சு. இரும்பு அதே இரும்புதான். எதுக்கு ட்ரூங்கறதைச் சொல்லாம ட்ரூன்னு மட்டும் சொன்னா அப்பாவுக்கு அர்த்தமே இல்லை.

சைக்கிள் கடையில இதையே கோட்டம் எடுக்கறதுன்னு சொல்லுவாங்க. ரிம் ஆடினா போக்ஸ் கம்பி நிப்பிளை இந்தப் பக்கம் ரெண்டு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு. இங்கிலீஷ்காரங்களுக்கு அதுவும் ட்ரூ பண்றதுதான். வள்ளுவர் இந்தக் கோட்டங்கற வார்த்தையை நடுவுநிலைமை அதிகாரத்துல பேச்சுக்குப் போடறார். சொல்லுல கோட்டம் இல்லாததுதான் செப்பம், ஆனா அதுக்கு முன்னாடி மனசுல கோணல் இருக்கக்கூடாதுங்கறார். அந்தச் செப்பத்தைத்தான் நாம ரோட்டைச் செப்பனிடறதுலயும் வச்சிருக்கோம். ஆக, நேரா இருக்கறதுக்கும் நேர்மையா இருக்கறதுக்கும் ஒரே வார்த்தை வச்சவங்க இங்கிலீஷ்காரங்க மட்டும் இல்லை.

தேட ஆரம்பிச்சா இந்த ட்ரூ எங்கெங்கயோ இருக்கு.

மேப்புல மூணு வடக்கு உண்டு. பூமியோட துருவத்தைக் காட்டறது ட்ரூ வடக்கு. காம்பஸ் முள் காட்டறது காந்த வடக்கு. மேப்புல போட்ட கட்டம் காட்டறது மூணாவது. நம்ம ஊர்ப்பக்கம் முதல் ரெண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கனடாவுல சில இடங்கள்ல இருபது டிகிரிக்கு மேல போகும். போதாக்குறைக்கு, கனடாவுக்கு வடக்கே இருந்த காந்த துருவம் சைபீரியா பக்கமா நகர்ந்துட்டே இருக்கு. காம்பஸ் பொய் சொல்லலை. அது வேற ஒண்ணைப் பார்த்து உண்மையைச் சொல்லிட்டிருக்கு, அவ்வளவுதான்.

நம்ம உடம்புல பன்னெண்டு ஜோடி விலா எலும்பு. அதுல மேல இருக்கற ஏழு ஜோடி ட்ரூ விலா. நெஞ்செலும்போட நேரடியாச் சேருதாம், அதனால ட்ரூ. அடுத்த மூணு ஜோடி, மேல இருக்கற எலும்போட குருத்தெலும்பைப் பிடிச்சுட்டுப் போய்ச் சேருது. அதுக்குப் பேரு பொய் விலா! சிபாரிசுல உள்ள போனா பொய் :-) கடைசி ரெண்டு ஜோடி முன்பக்கம் எதோடயும் சேராம மிதக்குது.

தோட்டக்காரங்களைக் கேட்டா வேற ட்ரூ. விதை போட்டு வந்த செடி தாய்ச்செடி மாதிரியே இருந்தா ட்ரூ. நம்ம பக்கத்து மாம்பழத்துல பெரும்பாலும் அது நடக்காது. தின்னு போட்ட கொட்டையில முளைச்ச மரம் என்ன காய்க்கும்னு அதுக்கே தெரியாது. அதனாலதான் ஒட்டுக்கன்னு வாங்கி வைக்கறோம்.

நம்ம பொழைப்புலயும் இருக்கு. ஜார்ஜ் பூல் 1854-ல எழுதின புத்தகத்துல தர்க்கத்தை ஒன்னு, பூஜ்ஜியம்னு கணக்காக்கிட்டுப் போனார். அதை வச்சுத்தான் இன்னிக்கு உலகமே ஓடுது. ஆனா சி மொழி எழுதினவங்களுக்குத் தெரியும், அங்க பூஜ்ஜியம் ஃபால்ஸ், மத்த எல்லாமே ட்ரூ. 1 ட்ரூ, 500 ட்ரூ, மைனஸ் 7-ம் ட்ரூ. எதுவோ ஒண்ணு இருந்தாப் போதும். தமிழ்ல 'உண்மை'ங்கறதுக்குள்ளயும் உள்ளதுங்கற அர்த்தம்தானே இருக்கு? சி மொழிக்காரங்க நம்மாளுங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இவ்வளவு அர்த்தத்துக்கும் தாய் எதுன்னு அகராதியைப் புரட்டினா, அங்க ஒரு ஆச்சரியம். பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு முதல் அர்த்தம் உண்மை இல்லை, விசுவாசம். சொன்ன சொல் மாறாதவன், கூட நிக்கறவன், நம்பலாம். அவன்தான் ட்ரூ. நடந்ததை நடந்தபடி சொல்றதுங்கற அர்த்தம் பின்னாடி வந்து சேர்ந்தது. போர் நிறுத்தத்துக்கு இருக்கற ட்ரூஸ், நிச்சயதார்த்தத்துக்கு இருக்கற பெட்ரோத்தல் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க. ஜெர்மன்காரங்க இன்னும் ரெண்டையும் பிரிச்சே வச்சிருக்காங்க. அவங்க ட்ராய்னு சொன்னா விசுவாசம் மட்டும்தான். உண்மைக்கு வேற வார்த்தை.

நாமளும் ரெண்டையும் ஒரே வார்த்தையிலதான் சொல்றோம். 'உண்மையைச் சொல்லு'ங்கறோம். 'மொதலாளிக்கு உண்மையா இரு'ங்கறோம். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டுத்தான் நானும் இருந்தேன், 2002 வரைக்கும்.

அப்பாவோட எஸ்.எஸ்.எல்.சி. புக்குல பிறந்த தேதி 1.6.1944.

அப்பத்தா இருந்த வரைக்கும் சொல்லிட்டே இருக்கும்: "பார்த்திப வருசம், ஆடிப் பதினெட்டு நோம்பி முடிஞ்ச மூணாம் நாளு உங்கொப்பன் பொறந்தான்." பார்த்திப வருஷ ஆடின்னா 1945 ஆகஸ்ட். கணக்குப் போட்டா ஆகஸ்ட் 5. காகிதத்துக்கும் அப்பத்தாவுக்கும் பதினாலு மாசம் இடிக்குது.

காரணம் உங்க வீட்லயும் கேட்டிருப்பீங்க. அஞ்சு வயசு ஆனாத்தான் பள்ளிக்கூடத்துல சேர்ப்பாங்க. 1949 ஜூன்ல அப்பாவுக்கு நாலு வயசே முடியலை. பெரியத்தை அப்பவே பல்லடம் பக்கத்துல எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருந்தாங்க. அப்பத்தா காட்டு வேலைக்குப் போயிடும், இவரைப் பார்த்துக்க ஆள் இல்லை. அக்கா கையைப் பிடிச்சுட்டு இவரும் போய் வாசல்ல உட்கார்ந்துக்குவாராம். ஒரு நாள் பெரிய வாத்தியார் கூப்பிட்டு, தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்லியிருக்கார். வயசுக்கு அதுதான் பரிட்சை. எட்டலை. பெரிய வாத்தியார் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, அப்பாவோட தலையை அவரே கையால லேசாச் சாய்ச்சாராம். காது எட்டிடுச்சு. ரிஜிஸ்டர்ல ஜூன் ஒண்ணு, 1944.

கோட்டம் எடுக்கற கதை சொன்னேனே, இங்க கோட்டம் வச்சாத்தான் நேராச்சு.

அப்பா ஐ.டி.ஐ. முடிச்சு 1967-ல வேலைக்குச் சேர்ந்தார். சேர்றப்போ எஸ்.எஸ்.எல்.சி. புக்கை நகல் எடுத்து, பச்சை மையில கையெழுத்துப் போடற அதிகாரிகிட்டப் போய் 'ட்ரூ காப்பி'ன்னு முத்திரை வாங்கினார். அப்புறம் எத்தனை தடவை அந்த முத்திரை! கடன் வாங்க, புரமோஷனுக்கு, எங்க படிப்புக்கு. 2014 வாக்குல நாமளே கையெழுத்துப் போட்டாப் போதும்னு மத்திய அரசு சொல்ற வரைக்கும் ஒரு காகிதத்தோட ட்ரூவுக்கு அடுத்தவங்க கையெழுத்து வேணும். அந்த முத்திரை எதுக்கு சாட்சி? நகல் அசலுக்கு உண்மையா இருக்குன்னு மட்டும். அசல் எதுக்கு உண்மையா இருக்குன்னு அது கேட்காது. 35 வருஷமா ஒரு பொய்யோட ட்ரூ காப்பியைக் குடுத்து எங்க குடும்பம் ஓடிச்சு.

2002 மே 31-ம் தேதி அப்பா ரிட்டயர்டு. ஒண்ணாம் தேதி பிறந்தவங்களுக்கு முந்தின மாசக் கடைசி நாளோட வேலை முடிஞ்சுடும். அப்ப வயசு வரம்பு 58. அப்பத்தா கணக்குப்படி போயிருந்தா 2003 ஆகஸ்ட் 31 வரைக்கும் வேலை இருந்திருக்கும். பதினஞ்சு மாசம். கையில வாங்கின சம்பளத்துல பாதிதான் பென்ஷன். மாசம் அஞ்சாயிரம் துண்டு விழுந்தது. மொத்தம் எழுபத்தஞ்சாயிரம். இன்னிக்கு இது சின்னத் தொகையாத் தெரியலாம். அப்ப தங்கச்சி இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம் முடிச்சிருந்தா. நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், வாங்கின சம்பளத்தை வெளியில சொல்ல முடியாது.

அந்த மார்ச்ல பென்ஷன் பேப்பர் எழுத உட்கார்ந்தப்பதான் இந்தக் கணக்கை நான் முழுசாப் போட்டேன். கோபம்னா கோபம். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன். அவர் சிரிச்சார். "வேலைக்குச் சேர்ந்து அஞ்சு வருஷத்துக்குள்ள எழுதிக் குடுத்திருக்கணும் தம்பி. ரிட்டயர் ஆகற நேரத்துல வயசைத் திருத்தச் சொல்லி வர்ற கேஸைச் சுப்ரீம் கோர்ட்டே திரும்பத் திரும்பத் தள்ளிட்டிருக்கு"ன்னார். வீட்டுக்கு வந்து அப்பா முன்னாடி நின்னு கத்தினேன்.

"யாரோ ஒரு வாத்தியார் வாய்க்கு வந்த தேதியைக் கிறுக்கிட்டுப் போயிட்டார். நாம அனுபவிக்கறோம். அஞ்சு வருஷம் டைம் இருந்துச்சில்ல, என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அப்பா பதிலே சொல்லலை. சட்டையை மாட்டிட்டு வெளிய போயிட்டார். அம்மா மட்டும், "போதும் விடு"ன்னாங்க.

ஜூன் மாசம் கணபதி பக்கம் ஒரு லேத் கடையில தினக்கூலிக்குச் சேர்ந்தார். காலையில எட்டு மணிக்கு நின்னா ராத்திரி ஏழு மணி வரைக்கும் நிக்கணும். தங்கச்சி படிப்பு முடியற வரைக்கும், ரெண்டு வருஷம்.

ஒரு ஞாயித்துக்கிழமை அவசர வேலைன்னு போயிட்டார். அம்மா குடுத்த சாப்பாட்டை எடுத்துட்டுப் போனேன். கடையில வேற யாரும் இல்லை. நாலு தாடைச் சக்குல ஒரு பெரிய ஜாப்பை மாட்டிட்டு ட்ரூ பார்த்துட்டிருந்தார். சாக்பீஸ் பிடிச்ச கை நடுங்கினதை அன்னிக்குத்தான் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் இடது கையால மணிக்கட்டைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டார். கோடு நேரா விழுந்தது.

சாப்பிட உட்காராம, சாவியைத் திருகிட்டே பேச ஆரம்பிச்சார்.

"அன்னைக்குக் கேட்டீல்ல கண்ணு, என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு. 1971-ல ஊருக்குப் போனேன்."

கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் விண்ணப்பமெல்லாம் வாங்கிக் குடுத்து, வயசைத் திருத்த இதுதான் கடைசிச் சமயம்னு சொல்லி அனுப்பியிருக்கார். அப்பா நேரா பெரிய வாத்தியார் வீட்டுக்குப் போயிருக்கார். அவர் ரிட்டயர் ஆகித் திண்ணையில உட்கார்ந்திருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் அவரே, "நாந்தான் தப்பா எழுதிட்டேன்னு எழுதிக்கிட்டு வா சாமி, கையெழுத்துப் போட்டுத் தாரேன்"னு சொல்லியிருக்கார்.

"அப்புறம்?"

"காப்பித்தண்ணி குடுத்தாங்க, குடிச்சுப்போட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

அப்பா சாவியைச் சக்குல இருந்து எடுத்தார். "அவர் எத்தனை பிள்ளைங்களுக்கு அப்படி எழுதியிருப்பாரு? என்ற காகிதம் ஒண்ணு மேல போனா ஆபீசரு வந்து ரிஜிஸ்டர் பூராவும் நோண்டுவான். அவர் பென்சன் வாங்கித் தின்னுட்டிருக்கறவரு. எனக்கு இடம் குடுத்தவரைப் பொய்யன்னு எழுதி, அதுக்குக் கீழ அவரையே கையெழுத்துப் போடச் சொல்லோணுமா? அடுத்த வருசம்னா ஆத்தா என்னைய ஆட்டுக்கு அனுப்பியிருக்கும். அவருக்கு நாம உண்மையா இருக்கோணுமில்ல?"

இவ்வளவுதான். மெஷினை ஓட்டி டயல் கேஜைப் பார்க்கப் போயிட்டார்.

உண்மையான தேதியைச் சொல்லாம இருந்ததுக்கு அவர் சொன்ன காரணம், உண்மையா இருக்கணும்ங்கறது! அகராதியில முதல் அர்த்தமும் ரெண்டாவது அர்த்தமும் எங்கப்பாவுக்குள்ள மோதிக்கிட்டு, பழசு ஜெயிச்சிருக்கு.

இதைக் கேட்டு நான் அப்படியே உருகிட்டேன்னு எழுதினா நல்லா இருக்கும். இல்லை. சைக்கிள்ல திரும்பி வர்றப்போ எனக்குக் கோபம் பாதிதான் குறைஞ்சிருந்தது. வாத்தியாருக்கு உண்மையா இருந்தார், சரி. எங்களுக்கு? 1971-ல நானும் தங்கச்சியும் பிறக்கலை, அவருக்குக் கல்யாணமே ஆகலை. இல்லாத பிள்ளைங்களோட காசை எடுத்துத் திண்ணையில வச்சுட்டு வந்த மாதிரிதானே? அந்த வாத்தியாருக்கு அதோட விலை எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. விலையை நின்னு குடுத்தது அப்பாவோட காலு. வளையலைக் கழட்டிக் குடுத்தது அம்மா. குத்தமில்லாத நன்மை குடுத்தா பொய்யும் வாய்மையோட இடத்துல உட்காரும்னு வள்ளுவர் சொல்றார். பெரிய வாத்தியாரோட பொய்யும் அதுல சேருமா? ஒரு பையன் படிச்சான், அவன் பிள்ளைங்க படிச்சாங்க. அது நன்மை. நடுங்கற கையோட ரெண்டு வருஷம் நின்னது எந்தக் கணக்குல வரும்? இருபது வருஷத்துக்கும் மேல யோசிச்சும் எனக்கு முள் நடுவுல நிக்கலை. இப்பவும் நாலஞ்சு கோடு ஆடிட்டுத்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு மாறிச்சு. வக்கீல்கிட்டப் போயிட்டு வந்த அன்னிக்கு நான் உண்மையோட பக்கம் நிக்கறதா நினைச்சுட்டுக் கத்தினேன். எதுக்கு ட்ரூ, யாருக்கு ட்ரூன்னு பார்க்காம டூலை வச்சுட்டேன். அதுக்கு அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டேனான்னா, வாய்விட்டுக் கேட்கலை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். அதுக்கடுத்த வாரமும். ரெண்டு வருஷமும் ஞாயித்துக்கிழமை வேலை இருந்தா நான்தான் எடுத்துட்டுப் போனேன். அவருக்குப் புரிஞ்சிருக்கும்னு நம்பறேன்.

2005-ல அறுபதாம் கல்யாணம் பண்ணினோம். பார்த்திப வருஷம் திரும்ப வந்த ஆடியில. ஆபீஸ்ல இருந்து வந்திருந்த சிநேகிதர் ஒருத்தர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "அம்பத்தெட்டுல ரிட்டயர் ஆகி மூணு வருசமாச்சு, இப்ப அறுபதா?"ன்னு கேட்டார். "பட்டறைக்கு ஒரு கணக்கு, ஆத்தாவுக்கு ஒரு கணக்குங்க"ன்னு அப்பா சிரிச்சார்.

2020-ல தமிழ்நாட்டுல ரிட்டயர்மென்ட் வயசை 59 ஆக்கினாங்க, 2021-ல 60. பேப்பரைப் பார்த்துட்டு அப்பா, "பெரிய வாத்தியாரு இன்னும் நாலு வருசம் கழிச்சு எழுதியிருந்தாலும் இது கிடைச்சிருக்காது போ"ன்னார். அவருக்கு அது ஜோக். எனக்குத்தான் தொண்டை அடைச்சது.

2023 ஜனவரியில அப்பா போயிட்டார். இறப்புப் பதிவுக்கு ஃபாரம் நிரப்பணும். இறந்தவர் வயதுன்னு ஒரு கட்டம். பேனாவை வச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 77ன்னு எழுதணும். எழுதினா ஆதார், பென்ஷன் புக், பேங்க், எதோடயும் ஒத்துப் போகாது. அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப பென்ஷன் நிக்கும். 78ன்னு எழுதினேன். மேலே சொன்னதெல்லாம் என் அறிவுக்கு எட்டின வரைக்கும் உண்மைன்னு ஒரு வரிக்குக் கீழ கையெழுத்துப் போட்டேன்.

பொய்தான். ஆனா போடறப்போ, பெரிய வாத்தியார் அன்னிக்கு எங்கப்பா தலையைச் சாய்ச்ச கை எப்படி இருந்திருக்கும்னு எனக்குக் கொஞ்சம் புரிஞ்சது.

ஹால்ல மாட்டறதுக்குப் படம் பெருசு பண்ணக் குடுத்தப்போ, தோற்றம், மறைவுன்னு கீழ தேதி போடக் கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அம்மா சொல்லிட்டாங்க: "ஆகஸ்ட் அஞ்சு, நாப்பத்தஞ்சு."

பையனோட பத்தாவது கேள்விக்கு வர்றேன். கடைசியில அவனே ட்ரூன்னு டிக் போட்டுட்டுப் போயிட்டான். ஏன்டான்னு கேட்டேன். "நம்ம வீட்டு வாசல்ல இருந்து பார்த்தா ட்ரூதானேப்பா"ங்கறான்.

தாத்தாவோட பேரன். எதுக்கு ட்ரூன்னு பார்த்துட்டுத்தான் டிக் போட்டிருக்கான்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பெரியவங்கள்ல ஜூன் மாசம் பிறந்தவங்க எத்தனை பேருன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அவங்க இருக்கறப்பவே அந்தக் கதையைக் கேட்டு வச்சுக்கங்க. ஃபாரம் நிரப்பறப்போ கேட்க ஆள் இருக்காது.